பிள்ளைகள் நிகழ்ச்சியில் எங்கே கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மலேசியாவின் பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலுமாகப் பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் நிகழ்ச்சி நடத்தும் குழுக்களில் இருக்கிறேன். விடுமுறை முகாம், பொங்கல் விழா, திருமுறைப் போட்டி, இளையோர் பட்டறை என்று எல்லாம் உண்டு. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று கெடும். கெட்டது கண்ணில் படும் இடம் ஒன்று, அதற்கான காரணம் இருக்கும் இடம் வேறொன்று. பிள்ளைகள் மண்டபத்தில் ஓடினால் "ஓடாதீங்க" என்று மைக்கில் சத்தம் போடுகிறோம். காலை எட்டுக்கு வரச் சொல்லி ஒன்பதரை வரை சும்மா உட்கார வைத்தது நாம்தான். நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி இப்படித்தான்: நிகழ்ச்சி பிள்ளைகள் பெயரில் இருக்கும், நிரல் பெரியவர்கள் வசதிக்கு இருக்கும்.

அதனால் அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் மண்டபத்தில் எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். முதல் பகுதியை மட்டும் நிகழ்ச்சிக்கு முன்பே குழுவில் எல்லோரும் படித்துவிட வேண்டும். அது நடக்கும்போது படிக்க நேரம் இருக்காது.

ஒரு பிள்ளையைக் காணோம்

உடனே ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் ஆள் போக வேண்டும். பிள்ளை கிடைக்கும்வரை எந்தப் பிள்ளையும் தன்னைக் கூட்டி வந்தவர் இல்லாமல் வெளியே போகக் கூடாது. அடுத்து, தண்ணீர் இருக்கும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: குளம், நீச்சல் தொட்டி, மண்டபத்துக்குப் பின்னால் ஓடும் பெரிய லொங்காங் (வடிகால்). மற்ற இடங்களில் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் பிள்ளை அங்கேயே இருக்கும். தண்ணீரில் அப்படி இல்லை. அப்புறம் கழிவறை, சமையற்கட்டு, கார் நிறுத்துமிடம், மேடைக்கு அடியில்.

பெற்றோர் ஒரே இடத்தில், கையில் கைப்பேசியோடு இருக்கட்டும். அவர்களும் தேடப் போனால் பிள்ளை திரும்பி வரும்போது அங்கே ஆள் இருக்காது. மைக்கில் பிள்ளையின் பெயரைச் சொல்லாதீர்கள். பெயர் தெரிந்த எவரும் "வா, அம்மா கூப்பிடுறாங்க" என்று அழைத்துவிடலாம். உடையும் வயதும் போதும்: "மஞ்சள் ஜிப்பா, ஆறு வயதுப் பையன்." பத்து நிமிடத்தில் கிடைக்கவில்லையென்றால் அவசர எண் 999. காணாமற்போன பிள்ளைக்குப் புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அப்படி எந்த விதியும் கிடையாது.

எங்களுக்கு ஒருமுறை பதினெட்டு நிமிடம் ஒரு பையனைக் காணவில்லை. மேடைத் திரைக்குப் பின்னால், நடன உடைப் பைகள் அடுக்கியிருந்த இடத்தில், ஒரு பையைத் தலையணையாக வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாயோரம் ஐஸ்கிரீம் காய்ந்திருந்தது. அவன் அம்மா அவனை எழுப்பவே இல்லை, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பழக்கம் வைத்திருக்கிறோம். மேடையின் பக்கவாட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் கொடுப்பது ஒன்று. காலையில் பதிவு மேசையிலேயே, "உங்க பிள்ளையை இப்போ ஒரு படம் எடுத்து வச்சுக்குங்க" என்று பெற்றோரிடம் சொல்வது இன்னொன்று. பதறிப்போன பெற்றோருக்குப் பிள்ளை அன்று போட்டிருந்த சட்டையின் நிறம் நினைவுக்கு வராது. படம் இருந்தால் ஒரு நொடியில் புலனத்தில் (வாட்ஸ்அப்) எல்லாத் தொண்டர்களுக்கும் போய்விடும்.

கையில் கட்டும் தாள் பட்டை மலிவுதான். வெளிப்பக்கம் எண் மட்டும், உட்பக்கம் பெற்றோரின் தொலைபேசி எண். பிள்ளையின் பெயரை வெளியே தெரிய எழுத வேண்டாம்.

பதிவு 120 பேர், வந்தது 50 பேர்

முதலில் தேதியைப் பாருங்கள். பினாங்கில் இருப்பவர்கள் அடிக்கடி மறப்பது: பக்கத்திலிருக்கும் கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சுங்கைப்பட்டாணி, கூலிம் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நாள். பட்டர்வொர்த்தில் ஞாயிற்றுக்கிழமை நடத்திய ஒரு கதை சொல்லும் போட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாற்பது பேர் பதிந்திருந்தார்கள். அன்று காலை ஓர் அம்மாவை அழைத்துக் கேட்டபோது, "அக்கா, இன்னிக்கு ஸ்கூல் இருக்கே, லீவு போட வேண்டாம்னு டீச்சர் சொல்லிட்டாங்க" என்றார். பதிவு செய்யும்போது அவரும் தேதியை மட்டும்தான் பார்த்தார், கிழமையைப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் கெடாப் பிள்ளைகள் வருவார்கள் என்றால் சனிக்கிழமைதான் வைக்கிறோம். இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான விடுமுறை நாள் அது ஒன்றுதான்.

சனிக்கிழமையிலும் சிக்கல் உண்டு. பண்டிகைக்குக் கூடுதல் விடுமுறை கொடுத்த பள்ளிகள் அதை ஈடுசெய்ய ஒரு சனிக்கிழமை பள்ளி வைக்கும். புறப்பாட நடவடிக்கையும் இருக்கும். அழைக்கப்போகும் பள்ளிகளில் இரண்டு மூன்று ஆசிரியர்களைக் கேட்டுவிட்டுத் தேதி குறித்தால் போதும். படிவம் ஐந்து மாணவர்களை எஸ்.பி.எம். பொதுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் அழைக்காதீர்கள். வரமாட்டார்கள், வந்தாலும் மனம் இங்கே இருக்காது.

தேதி சரி, ஆனாலும் வரவில்லையா? போக்குவரத்தைப் பாருங்கள். பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் காலை ஏழு முதல் இரவு ஏழு வரை வேலை செய்யும் பெற்றோர் நம் சமூகத்தில் ஏராளம். "மாலை நான்கு மணிக்குப் பிள்ளையை வந்து அழைத்துச் செல்லவும்" என்று படிவத்தில் எழுதினால், அவர்கள் மறுபேச்சு இல்லாமல் விலகிவிடுவார்கள். பணம் கேட்டால்கூடக் கடன் வாங்கிக் கட்டியிருப்பார்கள். வேன் ஏற்பாடு செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் ஒரே பள்ளிப் பிள்ளைகளை ஒரே காரில் அனுப்பும்படி பெற்றோரைப் பெற்றோரோடு சேர்த்துவிடுங்கள். பெருநிலத்திலிருந்து தீவுக்கு வருபவர்களுக்குப் பாலத்து நெரிசலையும் கணக்கில் வையுங்கள். 13.5 கிலோமீட்டர் பாலம் காலி ரோட்டில் கால் மணி நேரம், நெரிசலில் ஒரு மணி நேரம்.

மூன்றாவது காரணம், அறிவிப்பே போய்ச் சேராதது. புலனத்தில் நீளமாக ஆங்கிலத்தில் ஐந்து பத்தி அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. பல வீடுகளில் பிள்ளையைக் கூட்டி வருவது பாட்டி. தமிழில் முப்பது நொடிக் குரல் பதிவு ஒன்று அனுப்பிப் பாருங்கள்: எங்கே, எப்போது, என்ன கொண்டு வர வேண்டும், எப்போது முடியும். நிகழ்ச்சிக்கு முதல் நாள் மாலை அதே குரலில் இன்னொரு நினைவூட்டல்.

இலவசம் என்பதால் பதிந்துவிட்டு வராதவர்கள் இருந்தால், பத்து வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் வாங்கி வந்ததும் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் அதை உண்மையிலேயே திருப்பிக் கொடுங்கள், பதிவு மேசையிலேயே. "நன்கொடையாக வைத்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் அடுத்த முறை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

பத்து மணி நிகழ்ச்சி பதினொன்றாகியும் தொடங்கவில்லை

இதற்குக் காரணம் தேடவே வேண்டாம், சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை. இந்தப் பகுதியில் நான் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். விருந்தினருக்காக ஐந்து வயதுப் பிள்ளையை ஒரு மணி நேரம் நாற்காலியில் காத்திருக்க வைப்பது மரியாதை ஆகாது, நாம் பழகிப்போன தவறு அது. அந்த விருந்தினரிடம் நேரே சொன்னால் பெரும்பாலும் அவரே ஒத்துக்கொள்வார்.

சரிசெய்யும் வழி: கடவுள் வாழ்த்து, தமிழ் வாழ்த்து, உடனே பிள்ளைகளின் அங்கம் ஒன்று. இது சொன்ன நேரத்துக்கு நடக்கட்டும். விருந்தினர் எப்போது வருகிறாரோ, அப்போது நடக்கும் அங்கம் முடிந்ததும் குத்துவிளக்கு ஏற்றி வரவேற்கலாம். அழைப்பிதழ் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்: "ஐயா, பிள்ளைகள் நிகழ்ச்சி சரியா பத்துக்குத் தொடங்கிடும். நீங்க பத்தரைக்கு வந்தா உங்க அங்கத்துக்குச் சரியா இருக்கும்." அவர் முகத்தில் நிம்மதிதான் தெரியும்.

உரைகளுக்கு மூன்று பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். நான்காவது பெரியவர் இருக்கிறாரா? அவரைப் பரிசு கொடுக்க அழையுங்கள். அதுவும் மரியாதைதான், பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

விருந்தினரெல்லாம் நேரத்துக்கு வந்தும் தாமதமானால், ஒலிபெருக்கியைப் பாருங்கள். மண்டபத்தை முதல் நாள் மாலையே திறந்து ஒலியைச் சோதிக்க முடியுமா என்று வாடகை பேசும்போதே கேட்க வேண்டும். இசைக் கோப்புகள் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் சிதறிக் கிடந்தால் ஒவ்வோர் அங்கத்துக்கும் இரண்டு நிமிடம் வீணாகும். இருபது அங்கத்துக்கு நாற்பது நிமிடம். எல்லாவற்றையும் எண் போட்டு ஒரே மடிக்கணினியில் வையுங்கள். பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் பாங்கு சொல்லும் நேரத்தையும் நிரலில் எழுதிவையுங்கள். அந்தச் சில நிமிடம் ஒலியை நிறுத்துவது இங்கே எல்லோரும் காக்கும் மரியாதை. அதை முன்பே இடைவேளையாக வைத்துவிட்டால் நெறியாளர் தடுமாறமாட்டார்.

பிள்ளைகள் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், யாரும் மேடையைப் பார்ப்பதில்லை

வரிசையாகச் சோதியுங்கள். பசியா? காலைப் பசியாறியது எத்தனை மணிக்கு என்று நான்கு பிள்ளைகளிடம் கேளுங்கள். "சாப்பிடலை" என்று இரண்டு பேர் சொன்னால் நிரலை நிறுத்தி ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் மைலோவும் கொடுங்கள். பத்து நிமிடத்தில் மண்டபமே மாறும். கழிவறையா? நிரலில் கழிவறைக்கென்று இடைவேளை இல்லாவிட்டால் பிள்ளைகள் தாங்களாகவே ஓர் இடைவேளை உண்டாக்கிக்கொள்வார்கள். பார்வை மறைக்கிறதா? முன்வரிசை மெத்தை நாற்காலிகளில் பெரியவர்கள், அவர்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் பிள்ளைகள் என்று இருந்தால், பிள்ளைகளுக்குத் தெரிவது கொண்டையும் சட்டைக் கழுத்தும்தான். மேடைக்கு முன்னால் பாய் விரித்து அவர்களை உட்கார வையுங்கள்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் சத்தம் அடங்கவில்லையென்றால் அங்கங்கள் நீளம். ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களை இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே செயலில் வைத்திருப்பது கடினம். எழுந்து கை தட்டி ஒரு பாட்டுப் பாடவைத்துவிட்டு மறுபடி உட்கார வையுங்கள்.

பார்த்துக்கொள்ளும் ஆட்கள் போதவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். பிரிட்டனில் பிள்ளைகள் பாதுகாப்புக்காக வேலை செய்யும் என்.எஸ்.பி.சி.சி. அமைப்பு சொல்லும் கணக்கை நாங்கள் பின்பற்றுகிறோம்: 4 முதல் 8 வயது வரை ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், 9 முதல் 12 வரை எட்டுக்கு ஒருவர், 13 முதல் 18 வரை பத்துக்கு ஒருவர். சாப்பாட்டு மேசையில் இருப்பவரையும் படம் எடுப்பவரையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் கண் பிள்ளைகள் மேல் இருக்காது.

பலூன் அலங்காரம் வைத்திருந்தால் ஒரு வார்த்தை. வெடித்த பலூன் துண்டைச் சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள். அது தொண்டையில் ஒட்டினால் மூச்சை அடைத்துவிடும். பொறுக்குவதற்கென்றே ஒருவரை வையுங்கள், இல்லையென்றால் காகிதத் தோரணம் போதும். பரிசாகக் கொடுக்கும் மின்னும் மோதிரம், விளக்குக் கைப்பட்டை ஆகியவற்றில் இருக்கும் பட்டன் பேட்டரி அதைவிட ஆபத்து. விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக் குழாயை அரித்துவிடும். நாங்கள் அந்த மாதிரிப் பரிசுகளை வாங்குவதே இல்லை.

மேடைக்குப் பின்னால் ஒரு பிள்ளை மயங்கிவிட்டது

படுக்க வையுங்கள், கால்களைச் சற்று உயர்த்துங்கள், ஒட்டியாணத்தையும் இடுப்புக் கட்டையும் தளர்த்துங்கள், சுற்றி நிற்பவர்களை விலக்கிக் காற்று வரவிடுங்கள். ஒரு நிமிடத்தில் நினைவு திரும்பவில்லையென்றாலோ வலிப்பு வந்தாலோ 999. நன்றாக விழித்து உட்கார்ந்த பிறகுதான் தண்ணீர்.

இனி காரணம். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. காலை ஆறுக்கு ஒப்பனை, ஏழரைக்கு மண்டபம், நடனம் பதினொன்றே காலுக்கு. தாழ்வாரத்தில் விசிறி இல்லாத மூலையில் உட்கார்ந்திருந்தாள். உதட்டுச் சாயம் கலைந்துவிடும் என்று அம்மா தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நெற்றிச்சுட்டிக்குக் கீழே வியர்வை வழிந்து கண்மை கன்னம்வரை இறங்கியிருந்தது. "கழுத்துல குத்துது டீச்சர்" என்று இரண்டு முறை சொன்னாள், மூன்றாவது முறை சரிந்துவிட்டாள். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் எல்லா நடனக் குழுவையும் ஏழரைக்கே வரச் சொல்லியிருந்தோம்.

இப்போது ஒவ்வொரு குழுவுக்கும் அதன் அங்கத்துக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன்னால் மட்டும் வருகை நேரம். உடை மாற்றும் அறையில் விசிறி, உறிஞ்சுகுழல் போட்ட தண்ணீர்ப் போத்தல்கள், ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் சின்ன இட்லி. உறிஞ்சுகுழல் இருந்தால் சாயம் கலையாது, அம்மாக்களும் மறுப்பதில்லை. பினாங்கில் கடைகள் எளிதில் பிளாஸ்டிக் கொடுக்காத காலம் இது. காகித உறிஞ்சுகுழலை முன்பே வாங்கி வையுங்கள்.

நடன உடைகளைப் பற்றி இன்னொன்று. பல வீடுகளில் அவற்றை அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருப்பார்கள். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாட்டுச் சோதனை செய்வார்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு நாஃப்தலீன் அந்துருண்டை ஆகாது, இரத்த அணுக்கள் உடையலாம். வாடகை உடை வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு நாள் முன்பே வாங்கி வெயிலில் காற்றாட விடுங்கள். பதிவுப் படிவத்தில் ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, ஜி6பிடி என்று நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். "உடல்நலக் குறை ஏதும் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் எழுதுவார்கள். அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள், உங்களுக்கு அது எதற்கும் தேவைப்படாது.

சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றுவலி

பொட்டலத்தில் எத்தனை மணிக்குச் சமைத்தது என்று பாருங்கள். விடியற்காலை நான்குக்குச் சமைத்து மூடிக் கட்டிய சோறும் சம்பலும் மதியம் ஒன்றுக்குக் கைக்கு வந்தால் ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். சமையல்காரரிடம் ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டு தவணையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், சமைத்த நேரத்தைப் பெட்டியில் எழுதச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வாந்தி எடுத்தால் மிச்சச் சோற்றைக் கொட்டிவிடாமல் ஒரு பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், காரணம் கண்டுபிடிக்க அது தேவைப்படும்.

யாருக்கு எது ஆகும் என்பதில் நம் ஊர் தனி. ஒரே நிகழ்ச்சியில் சைவப் பிள்ளைகள், மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், ஹலால் மட்டும் சாப்பிடும் தமிழ் முஸ்லிம் பிள்ளைகள், பக்கத்து வீட்டுச் சீனத் தோழர்கள் எல்லோரும் இருப்பார்கள். ஹலால் சான்று உள்ள சமையலிடத்திலிருந்து சைவச் சாப்பாடு எடுத்தால் பெரும்பாலும் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரலாம். எனக்கு அதுதான் பிடிக்கும். ஜெல்லி, மிட்டாய் ஆகியவற்றில் இருக்கும் ஜெலட்டினையும் பாருங்கள், சைவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஒருசேர அதில் சிக்கல்.

திடலில் நடக்கும்போது வானம் கறுக்கிறது

பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிற்பகல் மழையை எதிர்பார்த்தே திட்டமிடுங்கள். திடல் அங்கங்கள் காலை பதினொன்றுக்குள் முடியட்டும். வானிலைத் துறையின் இடிமழை எச்சரிக்கை கைப்பேசிச் செயலியில் வரும், அதைப் பார்ப்பது ஒருவரின் வேலையாக இருக்கட்டும்.

இடி கேட்டால் விளையாட்டை நிறுத்திப் பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் கொண்டுபோங்கள். இரும்புக் கால் கூடாரத்துக்கு அடியில் கூட்டுவது தவறு, அது மழைக்குத்தான் பாதுகாப்பு, மின்னலுக்கு இல்லை. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆனபிறகுதான் மறுபடி திடல். கட்டடமே இல்லாத இடமென்றால் பேருந்தும் கார்களும் உதவும். அதனால் வண்டிகளைத் தூரத்தில் நிறுத்த விடாதீர்கள்.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகள் வெளி நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும். நாமும் அதே அளவை வைத்துக்கொள்வது நல்லது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை அதற்கு முன்பே உள்ளே அழைத்துவிடுங்கள்.

தாவரப் பூங்காவில் புதையல் வேட்டை வைப்பவர்களுக்கு: குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று தெரியும். பிள்ளையின் கையில் பை தொங்கினால் பறிக்க வரும், பிள்ளை பயந்து இழுத்தால் கீறும். தின்பண்டத்தை முதுகுப்பைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

இளையோர் வருகிறார்கள், ஆனால் கைப்பேசியில்தான் இருக்கிறார்கள்

பதினைந்து வயதுப் பிள்ளையை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் தன்முனைப்பு உரை கேட்கச் சொன்னால் வேறென்ன செய்வான்? கைப்பேசியைப் பிடுங்கி ஒரு கூடையில் போடும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் அதற்கப்புறம் வருவதில்லை.

கையில் வேலை கொடுங்கள். நாங்கள் செய்தது: ஜார்ஜ் டவுனில் ஐந்து பேர் கொண்ட குழுக்களாக நடை. குவீன் ஸ்திரீட்டில் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில், கொஞ்சத் தூரத்தில் 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1816இல் தொடங்கி அதே ஆண்டில் தமிழ் வகுப்பும் நடத்திய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலின் கதை. ஒவ்வோர் இடத்திலும் அங்கேயே வேலை செய்யும் ஒருவரிடம் தமிழில் பேசி ஒரு நிமிடப் பதிவு எடுத்து வர வேண்டும். கைப்பேசிதான் கருவி. பூ கட்டும் அம்மாவிடம் ஒரு குழு முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டது, பதிவு பதினான்கு நிமிடம். விதிப்படி அவர்கள் தோற்றார்கள். எனக்கு அந்தப் பதிவைத்தான் இன்னும் அடிக்கடி கேட்கத் தோன்றுகிறது.

திட்டமிடும் கூட்டத்துக்கே இரண்டு மூன்று இளையோரை அழையுங்கள். பெயருக்கு உட்கார வைக்காமல் ஒரு பகுதியின் பணத்தையும் பொறுப்பையும் கொடுங்கள், முன்னூறு வெள்ளி என்றாலும் சரி.

பிற்பகலில் தொண்டர்கள் மறைந்துவிடுகிறார்கள்

காலையில் ஐந்தரைக்கு வந்தவர்கள். சாப்பாடும் உட்கார இடமும் கொடுத்தீர்களா? அதைச் செய்து, வேலையை இரண்டு முறையாகப் பிரித்தால் இந்தக் கோளாறு போய்விடும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் தொண்டர்களைக் காலை வேலையில் போட்டு மாலையில் விடுவியுங்கள்.

ஒரு பிள்ளை ஒரு பெரியவரைக் கண்டால் ஒதுங்குகிறது

இதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் அமைதியாகக் கேளுங்கள், துருவிக் கேட்காதீர்கள், "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சொன்னதை அதே சொற்களில் எழுதி வையுங்கள். அந்தப் பெரியவரை நீங்களே கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். தாலியான் காசே என்னும் அரசு உதவிச் சேவையின் 15999 எண் 24 மணி நேரமும் இயங்கும், அல்லது காவல் நிலையம். 2017ஆம் ஆண்டின் பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டப்படி தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம். "பெரிய மனிதர், சங்கத்தின் பெயர் கெடும்" என்ற பேச்சு எழும். எழட்டும். பிள்ளைதான் முக்கியம்.

முன்கூட்டியே செய்ய வேண்டியது எளிது: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது, தனியாகக் காரில் ஏற்றக் கூடாது. தலைவருக்கும் இதே விதி.

நிகழ்ச்சி முடிந்தது, மூன்று பிள்ளைகள் இன்னும் நிற்கிறார்கள்

காலையில் பட்டையில் இருந்த அதே எண்ணோடு பெற்றோருக்கு ஒரு சீட்டு கொடுத்திருப்பீர்கள். சீட்டு இல்லாமல் "நான் மாமாதான்" என்று வருபவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள், பதிவில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். கோபித்துக்கொள்வார்கள். கோபம் அடுத்த நாள் போய்விடும்.

ஆள் வராத பிள்ளையோடு இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். மண்டபத்தை ஏழுக்குத் திருப்பித் தர வேண்டுமென்றால் வாசலில் வெளிச்சம் உள்ள இடத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். பிள்ளையின் முன்னால் "இன்னும் யாரும் வரலையா?" என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளாதீர்கள், அது அந்தப் பிள்ளைக்கு நன்றாகக் கேட்கும். ஒரு வேலை கொடுங்கள். போன மாதம் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் எங்களோடு தோரணம் சுருட்டினான், மிச்சமிருந்த போத்தல்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கினான், முப்பத்தேழு என்று எழுதியும் வைத்தான். அவன் அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு ஏழு ஐம்பதுக்கு ஓடி வந்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "அம்மா, இன்னும் ஒரு பெட்டி இருக்கு, இருங்க" என்றான்.

பட்டியலில் கடைசிப் பெயருக்கு எதிரே நேரம் எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் நாங்கள் விளக்கை அணைக்கிறோம்.